ஹாரன் அடித்துக் காத்திருந்தவர்

எங்கள் டாரோ கவுண்டியில் ஐம்பது வயதைத் தாண்டிய கட்டடங்கள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு. சந்தேகம் உள்ளவர்கள் நீதிமன்றத்தின் நிலவறைக்குப் போய், நான்கு இரும்பு அலமாரிகளைத் திறந்து எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத் தாள் உண்டு. கூரை எப்படி, விரிசல் எங்கே, எந்த வருஷம் என்ன மாற்றம், எல்லாம் அதில் இருக்கும். மனிதர்களுக்கு அப்படித் தாள் போடும் வழக்கம் அலபாமா மாநிலத்தில் இல்லை. இருந்திருந்தால் அந்தத் தாள்களை எழுதிய ஹோலிஸ் க்ரம்ப்டனுக்கும் ஒன்று போட்டிருப்போம்.

அவர் முதலில் மர ஆலையில் இருந்தார். பலகைகளைத் தரம் பிரிக்கும் வேலை. கட்டைவிரலைப் பலகைமேல் ஓட்டினால் போதும். கையால் அறுத்ததா, வட்ட ரம்பத்தில் அறுத்ததா, இழைத்தவன் வலக்கையனா இடக்கையனா என்று சொல்லிவிடுவார். எழுபத்தாறில் மாநிலப் பழங்கட்டட அலுவலகம் கவுண்டிக்கு ஓர் ஆள் கேட்டபோது, இதற்கு மேல் தகுதி யாருக்கும் இல்லை என்று நாங்கள் ஒருமனதாக முடிவு செய்தோம். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதும் உண்மை.

பதினான்கு வருஷம் எண்ணினார். வீடுகள், சர்ச்சுகள், பருத்தி ஆலைகள், சாய்ந்து நிற்கும் கோழிக்கூடுகள் என்று எதையும் விடவில்லை. மனைவி இறந்த பிறகு அவர் குடியிருந்தது சக்கரம் வைத்த தகர வீட்டில். விதிப்புத்தகத்தின்படி அது கட்டடமே இல்லை, வண்டி. “நான் எங்கயும் குடியிருக்கலை. நிறுத்தி வச்சிருக்கேன்” என்று அதற்கு அவரே விளக்கம் சொல்வார்.

அவருடைய வேலைமுறையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஹாரன். எங்கள் பக்கத்தில் யார் வீட்டு முற்றத்துக்கும் வண்டியில் போனால் சட்டென்று இறங்கக் கூடாது. இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் முன் தாழ்வாரத்துக்கு வந்து, “இறங்கி வாங்க” என்றால்தான் கால் தரையில் படலாம். நாயைப் பிடித்துக் கட்டவும், பெண்கள் தலையை ஒதுக்கிக்கொள்ளவும், துப்பாக்கியை மூலையில் சாத்தவும் அந்த அவகாசம். அமெரிக்காவில் வேறு இடங்களில் அழைப்பு மணி என்று ஏதோ வைத்திருக்கிறார்களாம். எங்களுக்கு அந்த அளவு அவசரம் கிடையாது. ஹோலிஸ் ஐந்து நிமிஷம் காத்திருப்பார். யாரும் வராவிட்டால் வண்டியிலிருந்தபடியே படம் எடுத்து, தாளை நிரப்பிக்கொண்டு போய்விடுவார். எஞ்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அவருடைய வண்டியை அணைத்தால் அது மறுபடி கிளம்புவது அதன் விருப்பத்தைப் பொறுத்தது.

இரண்டு, மூன்றாவது கட்டம். தாளின் கடைசியில் குடியிருப்பு என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள்: ஆள் உண்டு, காலி, தெரியவில்லை. பதினான்கு வருஷத்தில் ஹோலிஸ் ஒரு முறைகூட மூன்றாவது கட்டத்தில் குறி போட்டதில்லை. “தெரியலைன்னு எழுத ஒருத்தன் எதுக்குப் பெட்ரோல் போட்டுட்டுப் போகணும்?” என்பார். ஹாரனுக்கு ஆள் வந்தால் உண்டு, வராவிட்டால் காலி. தேவாலயத்தில் சாட்சி சொன்னவர்களின் பேச்சையே நம்பாத நாங்கள் இந்தக் குறிகளை நம்பினோம்.

இப்படி ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு முடிந்தது. பாக்கி ஒன்று. வரைபட வரிசைப்படி அது எழுபத்தெட்டிலேயே வந்திருக்க வேண்டிய வீடு. அதைச் சுற்றிச் சுற்றியே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும். அது அவர் அப்பா கட்டிய வீடு. அங்கே அவர் அக்கா வெர்டி மே தனியாகக் குடியிருந்தார்.

நாற்சந்தியில் கடை வைத்திருந்த ஓசெல்லா பியூ ஒருத்திதான் இதை அவர் முகத்துக்கு நேரே கேட்பாள்.

“ஏன் மிஸ்டர் ஹோலிஸ், பன்னிக்கு வீடு கட்டினவனைக்கூட விடாம எழுதிட்டீங்க. உங்கப்பா கட்டின வீட்டை மட்டும் மேப்புல எலி கடிச்சிருச்சா?”

“அது கெட்டுப்போன வீடு ஓசெல்லா.”

“ரெண்டு கதவு வச்சா கெட்டுப்போறதா? என் கடைக்குக்கூடக் கதவு இருக்கு.”

“உன் கடை கட்டும்போதே கெட்டது.”

அந்த இரண்டு கதவுகள்தான் சண்டை. அது நாயோட்ட வீடு. இந்தப் பக்கம் ஓர் அறை, அந்தப் பக்கம் ஓர் அறை, நடுவே முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை திறந்த வழி, மேலே ஒரே கூரை. கோடையில் அந்த வழியில் காற்று ஓடும், நாயும் ஓடும். ரோட்டில் நின்றால் வீட்டைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பீக்கன் மரம் வரை தெரியும். எங்கள் கவுண்டியில் நடுவழி அடைபடாமல் நின்ற கடைசி வீடு அது. எழுபதாம் வருஷக் குளிரில், படுக்கையில் கிடந்த அம்மாவுக்காக வெர்டி மே முன்னும் பின்னும் பலகைக் கதவு போட்டு அந்த வழியை அடைத்தார். அம்மா பிப்ரவரி வரை இருந்தார்.

அடக்கம் முடிந்து, ஊர் கொண்டுவந்த சாப்பாட்டை எல்லோரும் தட்டில் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஹோலிஸ் கதவைத் தட்டிப் பார்த்தார். மட்டமான பைன் மரம்.

“வீட்டோட மூச்சையே அடைச்சிட்டியே அக்கா.”

“அம்மாவுக்குக் குளிருச்சு தம்பி.”

“கம்பளி போத்தியிருக்கலாம்ல. அப்பா கட்டின வீடு இது.”

“உனக்குப் பலகைதான் கண்ணுல படும். அதுக்குள்ள யாரு கிடக்கறான்னு எப்பப் பார்த்தே?”

ஹோலிஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். பாதி கடித்த கோழிக்கால் அதில் இருந்தது. எங்கள் ஊருக்கு முக்கியமானவை மறந்துபோகும், இப்படிப்பட்டவை மறக்காது. அதன்பிறகு பத்தொன்பது வருஷம் ஒன்பது மைல் தூரத்தில் இருந்துகொண்டு இருவரும் பேசவில்லை. ஒரே சர்ச்சில் ஒருவர் இடப்பக்கமும் ஒருவர் வலப்பக்கமும் உட்கார்ந்து, மன்னிப்பைப் பற்றிய பிரசங்கங்களைச் சுமார் நாற்பது முறை கேட்டார்கள்.

தொண்ணூறாம் வருஷம் செப்டம்பரில் மாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வரைபடத்தில் ஒரு கட்டம் வெள்ளையாக இருக்கிறது, அக்டோபருக்குள் நிரப்பவும். ஹோலிஸுக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை யாரும் செய்திருக்க முடியாது. தானாகப் போனால் மானம் போகும். அரசாங்கம் போகச் சொன்னால் அது கடமை. அன்று மாலையே ஓசெல்லா கடைக்கு வந்து புதுத் தொப்பி வாங்கினார். தலைக்கு வெயில் படுகிறது என்றார். அன்று மழை பெய்துகொண்டிருந்தது.

விதிப்படி ஒரு வாரம் முன்னால் வீட்டுக்காரருக்கு அறிவிப்பு அட்டை போக வேண்டும். தபால்காரர் லூதர் டீல் அதைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். வழியில் படித்துப் பார்த்ததை அவர் மறைக்கவில்லை.

வெர்டி மே அதை இரண்டு முறை படித்தார். அப்போது அவருக்கு எழுபத்தொன்று.

“செவ்வாய்க்கிழமை பத்து மணின்னு போட்டிருக்கான். இறங்குவானா லூதர்?”

“நீங்க கூப்பிட்டா இறங்குவாரு மிஸ் வெர்டி.”

“கூப்பிடாம? ஹாரன் அடிக்கச் சொல்லு. ரெண்டாவது ஹாரனுக்கு முன்னாடி நான் வெளியே நிப்பேன். நின்னா அவன் இறங்கித்தானே ஆகணும்?” அட்டையை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார். “அந்த காரமெல் கேக்கு இன்னும் திம்பானா? பல்லு இருக்கா அவனுக்கு?”

“பாதி இருக்கு.”

“பாதி போதும்.”

லூதர் அன்றே கடையில் வைத்து இதை ஒரு சொல் விடாமல் ஹோலிஸிடம் ஒப்பித்தார். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார். ஹோலிஸ் கேட்டுவிட்டு, “பல்லைப் பத்தி அவளுக்கென்ன” என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த வாரம் வண்டியைக் கழுவினார். பதினான்கு வருஷத்தில் அதன் நிறம் நீலம் என்று அன்றுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஹோலிஸ் அந்த முற்றத்தில் போய் நின்றார். நாய் குரைக்கவில்லை, அது போன குளிர்காலத்தில் இறந்துவிட்டிருந்தது. இரண்டு தரம் ஹாரன் அடித்தார். எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி, தலையை வாரிக்கொண்டு, மறுபடி வைத்துக்கொண்டார்.

கதவு திறக்கவில்லை.

ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாருக்காகவும் காத்திராதவர் இருபத்திரண்டு நிமிஷம் காத்திருந்தார். தாளில் நேரம் குறித்திருக்கிறார். மூன்றாவது தரம் ஹாரன் அடித்தார். அது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம், கிட்டத்தட்டக் கெஞ்சுவதற்குச் சமம். நான்காவது தரமும் அடித்தார். காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்குமா? தாளை நிரப்பினார். அதில் எல்லாம் சரியாக இருக்கிறது. புகைபோக்கி, செங்கல், சீர். கூரை, தகரம், சீர். மாற்றம், நடுவழி அடைப்பு, 1970. முன் தாழ்வாரம், இரண்டு நாற்காலிகள், புதிதாகப் பச்சை வர்ணம் அடித்தவை. இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார், வர்ணம் புதிது என்று பார்த்தார், எழுதவும் எழுதினார். தனியாக இருக்கும் பெண் எதற்காக இரண்டு நாற்காலிகளுக்கு வர்ணம் அடித்தாள் என்று கேட்கும் கட்டம் தாளில் இல்லை.

அவர் ஏன் இறங்கவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களில் யாரும் கேட்க மாட்டோம். கூப்பிடாத வீட்டில் இறங்குவது எப்படி? அதிலும் ஹாரன் அடி, வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு வராமல் இருக்கும் வீட்டில்? பத்தொன்பது வருஷம் கழித்து வாசல்வரை வரவழைத்து, சாத்திய கதவைக் காட்டி அனுப்புகிறாள் என்று அவர் நினைத்தார். நாங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

கடைசிக் கேள்விக்கு வந்தார். ஹாரனுக்கு ஆள் வராத வீடு காலி. அந்த விதியை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. மற்ற தாள்களில் குறி லேசாக இருக்கும். இதில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு லூதர் தபால் போட வந்தபோது முந்தின நாள் தபால் பெட்டியிலேயே கிடந்தது. லூதர் அந்த முற்றத்தில் என்ன செய்தார் என்பதைப் பின்னால் ஷெரிஃப் ஆளிடம் தலைகுனிந்து சொன்னார்: “நானும் ரெண்டு தரம் ஹாரன் அடிச்சேன் சார். அடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறந்தான் இறங்கணும்னு தோணுச்சு.”

வெர்டி மே நடுவழியில் கிடந்தார், முன்கதவுக்கு உள்பக்கம், ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. சமையலறையில் கண்ணாடி மூடிக்குள் காரமெல் கேக் இருந்தது.

சாவை விசாரிக்கும் அதிகாரியும் சவப்பெட்டி விற்பவரும் எங்கள் கவுண்டியில் ஒருவரே, மிஸ்டர் காண்ட். அதில் ஒரு வசதி உண்டு: துக்கத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குப் பழக்கம். “திங்கக்கிழமை ராத்திரியே விழுந்திருக்காங்க. விழுந்ததும் உயிர் போயிருச்சு. அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்றார். ஹோலிஸ் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பை ஒருத்தி திங்கட்கிழமை இரவில் எதற்குப் போட்டுக்கொள்வாள் என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அடக்கம். வழக்கம்போல ஊர் முழுக்கச் சாப்பாடு கொண்டுவந்தது. வெண்ணெய் பீன்ஸ் மட்டும் ஏழு பாத்திரம். கேக்கை என்ன செய்வது என்று ஓசெல்லா தயங்கிக்கொண்டிருந்தபோது போதகரே கத்தியை எடுத்து வெட்டிவிட்டார். இரண்டாவது துண்டும் போட்டுக்கொண்டார். கேக் நன்றாக வந்திருந்தது. சரியாக வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு விழுங்கச் சுலபமாக இருந்திருக்கும்.

ஹோலிஸ் சாப்பிடவில்லை. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வந்திருந்தார். நடுவழியில் நின்று, முன்கதவைச் சாத்தி, அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்டியிட்டார். முழங்கால் உயரத்துக்கும் கீழே, மட்டமான பைன் பலகையில், அரை வட்டமாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். கட்டைவிரலை ஒவ்வொன்றின்மேலும் ஓட்டினார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. பள்ளங்களின் விளிம்பு இன்னும் வெளுப்பாக, அழுக்கேறாமல் இருந்தது. செருப்பின் குதிகால் அடித்த தடம். படுத்தபடி, வலக்கையால். பதினொன்று.

பலகையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மனிதரிடம் மிஸ்டர் காண்ட் என்ன சொல்லி என்ன?

“வண்டியை அணைச்சிருந்தா கேட்டிருக்கும்” என்றார் ஹோலிஸ், கதவைப் பார்த்தபடி.

கையில் தட்டோடு பக்கத்தில் நின்றவர் மிஸ்டர் காண்ட்தான்.

“திங்கக்கிழமை ராத்திரின்னீங்க.”

“ஆமா மிஸ்டர் ஹோலிஸ்.”

“விழுந்ததுமேன்னீங்க.”

“ஆமா.”

“சரி. ரொம்ப நன்றி.”

அடக்க வீட்டில் ஒருவரை ஒருவர் பொய்யர் என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

எழுந்து, கதவைத் திறந்து, முற்றத்தில் தன் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தார். எங்கள் எல்லோர் மனதிலும் அந்த மூன்று நாளாக இருந்ததும், யாரும் வாய் திறந்து சொல்லாததுமான ஒன்றை அவரே சொன்னார். “இந்த வழி திறந்திருந்தா அவ விழுந்து கிடக்கறது எனக்கு வண்டியிலிருந்தே தெரிஞ்சிருக்கும். கதவு வைக்காதேன்னு சொன்னேன். நான் சொன்னது சரியாப்போச்சு.” தொப்பியைக் கையில் சுற்றினார். “பாரு ஓசெல்லா, எவ்வளவு சரியாப்போச்சுன்னு.”

பதினான்கு வருஷம் அவரைச் சீண்டிய ஓசெல்லா, “அம்மாவுக்குக் குளிருச்சு மிஸ்டர் ஹோலிஸ்” என்றாள். அவ்வளவுதான்.

“ஆமா,” என்றார் அவர். “குளிருச்சு.”

கணக்கெடுப்பு முடிந்தது என்று மாநில அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. விடுபாடு ஒன்றுகூட இல்லாத கவுண்டி இந்தப் பிராந்தியத்திலேயே எங்களுடையதுதானாம். கடிதம் வந்த மறுநாள் ஹோலிஸ் நிலவறைக்குப் போய், காலி என்று குறித்திருந்த தாள்களையெல்லாம் தனியே எடுத்தார். அக்கா வீட்டைச் சேர்க்காமல் முந்நூற்றுப் பதினொன்று. எதற்கு என்று கேட்டவர்களிடம், சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சரிபார்த்தார். யாரும் ஆளனுப்பவில்லை, யாரும் தாள் கேட்கவில்லை. ஹாரன் அடிக்காமல் போவார். எஞ்ஜினை அணைப்பார். இறங்கிப் படியேறி, கதவைத் தட்டி, “யாராவது இருக்கீங்களா” என்று கூப்பிட்டுவிட்டுக் காதைக் கதவில் வைத்துக் கேட்பார். கூரை விழுந்து நடுவே பைன் மரம் வளர்ந்துவிட்ட வீட்டிலும் அப்படித்தான். கதவே இல்லாத வீட்டில் நிலையைத் தட்டினார். ஹாரன் இல்லாமல் இறங்குவது ஆபத்து என்று ஷெரிஃப் ஆள் எச்சரித்தார். முந்நூற்றுப் பதினோரு வீட்டிலும் சுடுவதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் ஹோலிஸ் சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு வீட்டிலும் பதில் வரவில்லை. எல்லாத் தாள்களிலும் அவர் குறித்தது சரியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுக்கு மார்ச் மாதம் போனார். லூதர் பார்த்துவிட்டு வந்து கடையில் சொன்னார்.

“தாழ்வாரத்துல நின்னுட்டிருந்தாரு. தட்டிட்டு நிக்கறாரு. ரெண்டு நாற்காலி சும்மாக் கிடக்குது, உட்காரலை. மிச்சத் தபாலையெல்லாம் போட்டுட்டுத் திரும்பி வந்தேன், அப்பவும் அதே இடம்.”

“நீ ஒண்ணும் கேக்கலையா?” என்றாள் ஓசெல்லா.

“‘காலிதானே மிஸ்டர் ஹோலிஸ்’னு கேட்டேன். தாளைக் கையில வச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம், ‘தெரியலை லூதர்’னாரு.”

எஞ்ஜினை அணைத்திருந்ததால் வண்டி கிளம்பவில்லை. லூதர்தான் தபால் வண்டியில் ஏற்றிவந்து தகர வீட்டில் விட்டார். மறுநாள் ஆளைக் கூட்டிப்போய் இழுத்துவரலாம் என்றதற்கு ஹோலிஸ், இருக்கட்டும் என்றுவிட்டார். அது இன்னும் அந்த முற்றத்தில்தான் நிற்கிறது, கழுவின நீல நிறம் போகாமல். ரோட்டில் போகிறவர்களுக்கு, அந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.